இரண்டாவது தரை

வெர்சோவாவில் படகுகளைக் கரையேற்றியிருந்தார்கள்.
ஜூலை. மீன்பிடித் தடை. தார்ப்பாயின் மேல் மழை.
மந்தா நாக்வா நாற்காலியில் உட்கார்ந்து
என் பையில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்,
வவ்வால் மீனின் செவுளைப் பிளந்து பார்க்கிற அதே விரல்களால்.

‘இது என்ன விலை?’
பிளாஸ்டிக். அமரத்துக்கு வெளியே தொங்கவிடலாம். நாலாயிரத்து ஐந்நூறு.
‘இது?’
வெண்கலம். அடிப்பலகையைத் துளைத்து மாட்டவேண்டும். பதினெட்டாயிரம்.
‘துளைக்காமல் இதற்குக் காது கேட்காதா?’
ஃபைபர் படகென்றால் உள்ளேயே ஒட்டிவிடலாம், தாயி.
இது தேக்கு. சத்தத்தை விழுங்கிவிடும்.
வெளியே தொங்கினால் விசிறி கிளப்பும் குமிழிகளைத்தான் கேட்கும்.
பிளாஸ்டிக்கைத் தேக்கில் செருகினால்
பலகை ஊறி உப்புகிற அன்றைக்கு அதன் கழுத்தை நெரித்துவிடும்.

‘மருமகன் நாலாயிரத்து ஐந்நூறே போதும் என்றான்.’
அவர் கடலுக்குப் போகிறாரா?
‘டாக்ஸி ஓட்டுகிறான்.’
வெண்கலம் என்று முடிவாயிற்று.

ஐம்பது கிலோஹெர்ட்ஸா, இருநூறா என்றேன்.
ஹரேஷ்வர் தாண்டேல் பீடியை அணைத்தான்:
‘நாற்பது மீட்டருக்கு அப்பால் நாங்கள் போவதில்லை.’
அப்படியானால் இருநூறு. ஆழம் போகாது,
ஆனால் பொம்பில் கூட்டத்தையும் பாலிதீன் பைகளையும்
ஓரளவு பிரித்துச் சொல்லும்.
‘ஓரளவா?’
ஓரளவு.

இரண்டு நாள் படகின் வயிற்றுக்கடியில் மல்லாந்து கிடந்தேன்.
ஏராவிலிருந்து ஒரு சாண் தள்ளி,
விசிறிக்கு நன்றாக முன்னால்,
தண்ணீர் உடையாமல் வழுக்கிப் போகிற இடம்.
வரைபடம் கிடையாது.
போன பருவத்தில் பாசி எங்கே ஒரே சீராகப் படிந்திருந்ததோ
அங்கே பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.
சரிவு பதினேழு பாகை. அதற்கு ஈடாக ஒரு கட்டையைச் செதுக்கினேன்.
சாய்ந்து கேட்பவனுக்கு எல்லாம் பக்கத்து வீட்டுப் பேச்சு;
இது நேர் கீழே கேட்கவேண்டும்.

யாருக்கும் சொன்னதில்லை, எனக்கு நீச்சல் தெரியாது.
முந்நூறு படகுகளுக்குமேல் ஓட்டை போட்டிருக்கிறேன்,
ஒன்றிலும் ஏறிப் போனதில்லை.

மந்தா வந்து என் பென்சில் குறியின் மேல் குங்குமம் வைத்தாள்.
அதன் நடுவில்தான் துரப்பணத்தை வைத்தேன்.
சிவப்புத் தூள் கண்ணில் விழுந்தது.
பிறகு என் நெஞ்சின் மேல் தொப்பென்று
இரண்டு அங்குல வட்டத் தேக்கு.
‘கொடு’ என்று வாங்கித் துடைத்து
தன் சாயா கிளாசுக்கு மூடியாக்கிக்கொண்டாள்.

பசை. வளையம். நட்டைக் கையால் இறுக்கி, அப்புறம் அரைச் சுற்று.
முக்கால் சுற்றினால் பசையெல்லாம் வெளியே வழிந்துவிடும்.
மிச்சக் கேபிளை வெட்டாமல் சுருட்டிக் கட்டினேன்,
எஞ்சின் வயர்கள் பக்கமே போகாமல்.

ஆகஸ்டில் ஓர் இரவு, இரண்டே முக்கால்.
அன்டாப் ஹில்லில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்திருந்த நேரம்.
தாண்டேலின் குரல் அறுந்து அறுந்து வந்தது:
‘மிஸ்திரி, திரையில் இரண்டு தரை தெரிகிறது.
எதை நம்பி வலை இறக்க?’

மேலே தெரிவதை நம்பு.
கீழே இருப்பது அதே சத்தம்தான்.
தரையைத் தொட்டு மேலே வந்து, உன் படகிலேயே முட்டி,
திரும்ப ஒருமுறை போய்விட்டு வந்திருக்கிறது.
கெயினைக் குறை.
‘குறைத்தேன்… போயிற்று. ஒன்றுதான்.’

அத்தோடு வைத்திருக்கலாம்.
குடங்கள் மோதும் சத்தத்துக்கு மேலே கத்தினேன்:
நட்டுப் பக்கம் கைவைத்துப் பார். தண்ணீர் கசிகிறதா?

போனைக் கீழே வைக்கும் சத்தம்.
பலகை ஒன்றைப் புரட்டும் சத்தம்.
எஞ்சின்.
எனக்குப் பெயர் தெரியாத ஏதோ ஒன்று கிறீச்சிட்டது.
என் வேலையை முழங்கை வரை கைவிட்டு
யாரோ இருட்டில் தடவிக்கொண்டிருக்கிறான்.

‘சுகா’ என்றான்.

மராத்தியில் ‘காய்ந்திருக்கிறது’ என்று அர்த்தம்.
நான் தமிழிலேயே கேட்டுக்கொண்டேன்.